முறிகண்டியில் விடுபட்ட ஒரு பர்லாங்

சென்ற மாதம் எங்கள் நில அளவைக் கந்தோரில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். வடையும் தேநீரும் பரிமாறிய பிறகு, புதிதாக வந்திருக்கும் இளம் அளவையாளர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அதை முக்காலியில் நிறுத்திப் பொத்தானை அமர்த்தினால், எதிரே பிடித்திருக்கும் கண்ணாடிக்கு எத்தனை மீற்றர் என்று அதுவே எழுதிக் காட்டுமாம்.

"இனிச் சங்கிலி இழுக்கிற வேலை இல்லை ஐயா. நீங்கள் சரியான நேரத்திலதான் வெளிக்கிடுறியள்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு அவரே, "முப்பத்திரண்டு வருசத்தில உங்களுக்கு ஒருக்காலும் பிழைச்சதில்லையோ?" என்று கேட்டார். வாயில் வடை இருந்தபடியால் தப்பினேன். இப்போது எழுதித் தாருங்கள், கந்தோரில் வைத்து வாசிக்கிறோம் என்கிறார்கள். பிழைத்தது. ஒரே ஒரு தடவை, பத்துச் சங்கிலி. அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதெல்லாம் வெயிலும் நடையும்தான், அதை எழுதி யாருக்கு என்ன.

நான் இந்த வேலைக்கு வந்தபோது வயது இருபத்திரண்டு. முதல் ஆறு மாதம் கத்தியும் கையுமாகப் பற்றை வெட்டினேன். பிறகு கொடி பிடித்தேன், பிறகு சங்கிலியின் பின் நுனி கைக்கு வந்தது. அதற்குப் பின் வன்னியில் நான் சங்கிலி இழுக்காத காடு இல்லை. குளக்கட்டுகள், குடியேற்றக் காணிகள், வாய்க்கால்கள். பூநகரியில் இரண்டு நாள் உப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு தாகத்தில் கிடந்தோம். செட்டிகுளத்தில் ஒரு யானை எங்கள் சோற்றுப் பானையைத் தின்றுவிட்டு எங்களை விட்டுவிட்டுப் போனது. முழங்கால் இரண்டும் அந்தக் காலத்திலேயே போய்விட்டன. ஓய்வு இப்போதுதான் வந்திருக்கிறது.

எங்கள் மேலதிகாரி அளவையாளர் அருளம்பலம் ஐயா. மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைத் தொப்பி. அளவைப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் கை கழுவுவார். காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாளிலும் அதற்கு அரைப் போத்தல் ஒதுக்கி வைத்திருப்பார். பென்சிலைச் சவர அலகால் சீவுவார். அழிறப்பர் வைத்துக்கொள்ள மாட்டார், எங்களையும் வைத்துக்கொள்ள விடமாட்டார். ஒரு எண் பிழைத்தால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், அதன் கீழே தன் கையெழுத்து. "பிழை விடுறது மனிசன். பிழையை அழிக்கிறவன் கள்ளன். ரண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, விளங்குதோ?" என்பார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "நீர்" என்று சொல்கிற இடத்தில் "நீங்கள்" என்பார்.

சங்கிலி எப்படி இழுப்பது என்பதை இந்தப் பெட்டிக்காரருக்காகச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாவிட்டால் மிச்சம் விளங்காது. எங்கள் சங்கிலி அறுபத்தாறு அடி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங், எண்பது சங்கிலி ஒரு மைல். முன்னுக்கு இழுப்பவன் கையில் பத்து இரும்பு ஊசிகள் இருக்கும். சங்கிலி விறைத்து நின்றதும் அவன் ஒரு ஊசியை நிலத்தில் குத்திவிட்டு மேலே நடப்பான். பின்னால் வருகிறவன் அந்த ஊசிக்கு வந்து, சங்கிலி நுனியை அதில் பிடித்து, அடுத்த ஊசி குத்தப்பட்டதும் இதைப் பிடுங்கிக்கொண்டு நடப்பான். இப்படியே போனால் முன்னவன் கை வெறுமையாகும்போது பின்னவன் கையில் பத்து ஊசியும் வந்து சேர்ந்திருக்கும். அப்போது எல்லோரும் நிற்கவேண்டும். பின்னவன் ஊசிகளை ஒவ்வொன்றாக எண்ணி, கடைசியில் உரத்த குரலில் "பத்து" என்று சொல்லி முன்னவனிடம் கொடுப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஐயா புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். கோடுகள்தான் தூரம். ஊசி கை மாறிவிட்டு, சத்தம் வராமல் போனால் அந்தப் பத்துச் சங்கிலியும் உலகத்தில் இல்லாமல் போய்விடும்.

முன்னுக்கு இழுப்பவர் முல்லைத்தீவுச் சலீம். பின்னுக்கு நான். பன்னிரண்டு வருடம் ஒரே சங்கிலியின் இரண்டு நுனியில் நாங்கள் வாழ்ந்தோம். வீட்டில் மனைவியோடு பேசியதைவிட அறுபத்தாறு அடி தள்ளி நின்று அவரோடு கத்திப் பேசியது கூட.

எண்பத்து மூன்றுக்கு முந்திய வருடம் என்று நினைக்கிறேன், அந்த வேலை வந்தது. ஆசிய நாடுகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிக்கு மரதன் ஓட்டத்துக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள், வடக்கில் உள்ளவர்களுக்குக் கண்டி வீதியில் ஒரு தெரிவு ஓட்டம் வைக்கப் போகிறார்கள், பாதையை அளந்து கொடுக்க வேண்டும் என்று ஐயாவுக்குக் கடிதம் வந்தது. கிளிநொச்சி மைதானத்தில் முடிகிற மாதிரி, கனகராயன்குளத்துப் பக்கம் எங்கேயோ தொடங்க வேண்டும். தொடங்கும் இடத்தை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முடிவிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கி அளந்தோம்.

மரதன் தூரம் இருபத்தாறு மைல், முந்நூற்று எண்பத்தைந்து கெஜம். ஐயா ஒரு துண்டுக் கடதாசியில் பெருக்கிப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார். "இரண்டாயிரத்துத் தொண்ணூற்றேழரைச் சங்கிலி. மிச்சமில்லாமல் வருது, பாரும் சிவஞானம். இந்த ஓட்டத்தை உண்டாக்கினவனும் எங்களைப் போல ஒரு சங்கிலிக்காரனாத்தான் இருக்கவேணும்." இருநூற்று ஒன்பது கோடு, பிறகு ஏழரைச் சங்கிலி. அவ்வளவுதான் வேலை. வேலை கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஒவ்வொரு காலையும் கந்தோர் விறாந்தையில் அடித்திருந்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே சங்கிலியைப் பிடித்து நீளம் சரிபார்ப்போம். வெயில் ஏறினால் இரும்பு நீளும் என்று பத்தரைக்கு நிறுத்தி, மூன்றரைக்குத் திரும்பவும் தொடங்குவோம். வீதியின் ஓரத்திலிருந்து மூன்றடி உள்ளே, ஓடுகிறவன் கால் விழும் கோட்டில்தான் சங்கிலி போகவேண்டும். பஸ் வந்தால் சங்கிலியைத் தரையோடு அமர்த்திக்கொண்டு நிற்போம். எட்டுக் கோட்டுக்கு ஒரு மைல். ஒவ்வொரு மைலுக்கும் தாரில் ஒரு ஆணி அடித்து வெள்ளைப் பூச்சுப் பூசினோம்.

முதல் நாள் பின்னேரம் ஒருவன் எங்களுக்குப் பக்கத்தால் ஓடிப் போய், திரும்பி ஓடி வந்து நின்றான். கறுத்து வற்றிய தேகம், காலில் ரப்பர்ச் செருப்பைக் கயிற்றால் கட்டியிருந்தான். பெயர் பெருமாள். மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் தபால் பை தூக்கியவன். பக்டரியிலிருந்து டவுனுக்கும் டவுனிலிருந்து பக்டரிக்கும் ஏற்றமும் இறக்கமுமாக ஒன்பது மைல் தினமும் ஓட்டம்தான். எழுபத்தேழுக் கலவரத்தில் குடியிருந்த லயன் வீடுகளைக் கொளுத்தியதும் தாயையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்து, முறிகண்டிக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டவன். கூலிக்கு வயல் வேலை. வேலை முடிந்தால் ஓட்டம்.

"அண்ணே, இதுதானுங்களா அந்த ஓட்டத்துக்கு அளக்கிறது?" என்று கேட்டான்.

"ஓம். நீரும் ஓடுறீரோ?"

"ஓடுறேங்க. நல்லா அளந்துருங்கண்ணே. ஒரு அடி கூடிப்போச்சுன்னா எங் காலுதான அதையும் ஓடணும்."

சலீம் முன்னுக்கு நின்று, "அளக்கிறது ஆரெண்டு நினைச்சீர்? சிவா அண்ணை தன்ர நிழலையும் அளந்துபோட்டுத்தான் சாப்பிடுறவர்" என்றார். பெருமாள் சிரித்தான். பிறகு சிரிக்காமல் எனக்கு ஒன்று சொன்னான். அவனிடம் எந்த நாட்டின் கடுதாசியும் இல்லை. இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. விண்ணப்பம் எங்கோ ஒரு கந்தோரில் கிடக்கிறது. "குழுவுல எம் பேரு வந்துச்சுன்னா எனக்கு பாஸ்போட் குடுத்துத்தான ஆகணும். குடுத்தாங்கன்னா நான் இந்த நாட்டு ஆளுன்னு அவங்களே சொன்ன மாதிரி. அப்புறம் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கேக்கலாம்." ஓட்டம் எனக்கு விளையாட்டு, அவனுக்கு அது குடும்பத்தின் பிறப்புப் பத்திரம்.

இரண்டாம் நாள் முற்பகல் எட்டாவது மைலுக்குள் முறிகண்டிக்கு வந்தோம். கண்டி வீதியில் போகிற யாரும் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிற்காமல் போவதில்லை. பஸ் நிற்கும், லொறி நிற்கும், கார்க்காரனும் இறங்குவான். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு பூசி, கடதாசிச் சுருளில் ஒரு சரை கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டுதான் வாகனம் நகரும். சங்கிலிக்கு மட்டும் வேறு சட்டமா? எங்களுக்கும் அதுதான்.

கோயில் வாசலுக்கு நேரே வந்தபோது என் கையில் பத்து ஊசியும் சேர்ந்துவிட்டது. ஐயா ஏற்கெனவே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார். இரும்பைப் பிடித்துக்கொண்டு பிள்ளையாருக்கு முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஊசிகளை அப்படியே வீதியோர மரத்தடியில் வைத்துவிட்டு, கடைசி ஊசி நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்தேன். வந்து எண்ணிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதில் ஒரு பிழையும் இல்லை. வந்து எண்ணியிருந்தால்.

சலீம் கோயிலுக்கு வராமல் கச்சான் வாங்கப் போனார். திரும்பி வந்து மரத்தடியில் கிடந்த ஊசிகளைக் கண்டார். நான் எண்ணிச் சொல்லி, ஐயா கோடு போட்டுவிட்டுத்தான் கும்பிடப் போயிருப்போம் என்று அவர் நினைத்தார். எடுத்துக்கொண்டு ஆயத்தமாக நின்றார். ஐயா திருநீற்றோடு வந்தபோது ஊசிகள் சலீம் கையில் இருந்தன. முறைப்படி கை மாறிவிட்டது, கோடு முதலே போட்டாயிற்று என்று அவர் நினைத்தார். நான் கடைசியாக வந்தேன். ஊசிகள் சலீம் கையில், புத்தகம் ஐயா கையில். நான் கும்பிட்ட நேரத்தில் அவர்கள் இருவரும் எண்ணி முடித்துவிட்டார்கள் என்று நான் நினைத்தேன். மூன்று பேர் நினைத்தோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சலீம் எனக்குக் கச்சான் தந்தார். அதைக் கொறித்துக்கொண்டே சங்கிலியைத் தூக்கினேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை என்பார்கள். நாங்கள் பிள்ளையாரைக் கும்பிடப் போய் ஒரு பர்லாங்கைத் தொலைத்தோம்.

அன்று பின்னேரம் நாங்கள் தங்கியிருந்த வாடியில் ஐயா எங்கள் மைல் ஆணிகளையும் வீதியின் பழைய மைல் கற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஏழாவது வரை நல்ல பொருத்தம். எட்டாவது மைலில் ஒரு பர்லாங் உதைத்தது. கல்லுக்குக் கல் எண்பது சங்கிலி இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் புத்தகத்தில் எழுபதுதான் இருந்தது. ஐயா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வெகு நேரம் யோசித்தார்.

"அந்த இடத்தில வீதியை நிமித்தினவங்கள். வளைவு போனால் தூரம் குறையும். கல்லை மாத்தி நடாமல் விட்டிருப்பாங்கள். கல்லு பிழை" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீர் பத்தும் சொன்னனீர்தானே?"

எனக்கு அந்த நேரத்தில் மரத்தடி ஞாபகம் வந்தது. சொன்னேனா என்று தெரியவில்லை. சந்தேகம் என்று ஒரு சொல் சொன்னால், அடுத்த நாள் ஏழாவது ஆணிக்குத் திரும்பிப் போய் அந்த மைலைத் திரும்ப இழுக்க வேண்டும். என் இடது முழங்கால் பாகற்காய் மாதிரி வீங்கியிருந்தது. சலீம் ஏற்கெனவே சாரத்தை விரித்துப் படுத்துவிட்டார்.

"ஓம் ஐயா, சொன்னனான்" என்றேன்.

அதற்குப் பிறகு வேறு காரணங்கள் பலதும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. அன்றைக்கு எனக்குக் கால் வலித்தது, அதுதான் காரணம். ஐந்தாம் நாள் இருநூற்று ஒன்பதாவது கோடும் ஏழரைச் சங்கிலியும் முடிந்து, தொடங்கும் இடத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு கீறினோம். கீற வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு பர்லாங் தெற்கே அது விழுந்தது.

ஓட்டத்துக்கு முதல் நாள் பெருமாள் என்னைத் தேடி வந்தான். ஒரு சந்தேகம் கேட்டான்.

"அண்ணே, நான் தெனமும் ஓடுறப்ப பிள்ளையாருகிட்ட நின்னு குட்டிக் கும்பிட்டுத்தான் போவேன். நாளைக்கு நிக்காம போனா தப்புங்களா?"

நான் பெரிய மனிதனைப் போலச் சொன்னேன். "நில்லாதையும். நிண்டால் கால் பிடிச்சுப் போடும். பிள்ளையார் உமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறவர்தானே, ஒரு நாள் பொறுப்பார்."

கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகள் இரண்டு மணி இருபத்து நாலு நிமிடத்துக்குள் வந்தால் பெயர் அனுப்புவோம் என்று சொல்லியிருந்தார்கள். விடிகாலை ஓட்டம் தொடங்கியது. வீதி எனக்குத் தெரியும் என்பதால் முறிகண்டியில் தண்ணீர் மேசைக்கு என்னை நிறுத்தினார்கள். ஏழு மணி தாண்டிச் சற்று நேரத்தில் பெருமாள் தனியே வந்தான். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒருவரும் இல்லை. செருப்பும் இல்லை, வெறுங்கால். தண்ணீரை வாங்கித் தலையில் ஊற்றினான். கோயிலுக்கு நேரே வந்தபோது அவன் கழுத்து வலப்பக்கம் திரும்பப் பார்த்தது. நான் "ஓடும், ஓடும்" என்று கத்தினேன். திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நேரே போனான். கும்பிட இறங்கிய பஸ் சனம் எல்லாம் கை தட்டியது.

கிளிநொச்சியில் அவன்தான் முதல். இரண்டு மணி, இருபத்து நாலு நிமிடம், இருபத்தொன்பது செக்கன்.

நான் ஒரு லொறியில் ஏறி மைதானத்துக்குப் போனபோது அவன் கோலுக்கம்பத்தில் சாய்ந்து இருந்தான். யாரோ மாலை போட்டிருந்தார்கள். அதிகாரி கடிகாரத்தை ஐயாவுக்குக் காட்டி, வருத்தம்தான், ஆனால் நேரம் நேரம்தானே என்றார். பெருமாள் என்னைக் கண்டதும் சொன்னது இதுதான்.

"நிக்காம வந்தேன்லண்ணே. அதான். அவரு அரை நிமிஷத்தப் புடிச்சுக்கிட்டாரு."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த ஓட்டத்தில் ஒரு பர்லாங் ஓட அவனுக்கு எத்தனை செக்கன் பிடித்திருக்கும் என்று அன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது நினைத்தேன். நாற்பத்தொரு செக்கன். சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். சலீமைக் கூட்டிக்கொண்டு, கந்தோருக்குச் சொல்லாமல், ஏழாவது ஆணியிலிருந்து எட்டாவது ஆணிக்குச் சங்கிலி இழுத்தோம். ஒவ்வொரு கைமாற்றுக்கும் என் தொண்டை கிழியக் கத்தினேன். எட்டாவது "பத்து" சொன்னபோது வெள்ளைப் பூச்சு இன்னும் தூரத்தில் தெரிந்தது. ஒன்பதாவது "பத்து" அதன் மேல் போய் நின்றது.

சலீம் வீதியிலேயே குந்திவிட்டார். "அண்டைக்கு நான் கேட்டிருக்கலாம் அண்ணை" என்றார். கேட்டிருக்க வேண்டியவர் அவரல்ல.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். வாடியில் பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அவர் எழுந்து கை கழுவினார். புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வாங்கோ" என்றார். நீங்கள் என்ற மரியாதை. அவரும் வந்து அந்த மைலை மூன்றாவது தடவையாக அளந்தார். திரும்பி வந்து, மொத்தத்தின் மேல் ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து வைத்தார். அப்போதே கொழும்புக்குக் கடிதம் எழுதினார். பாதை பத்துச் சங்கிலி கூட, பிழை முழுவதும் அளவையாளருடையது, ஓடியவருடையதல்ல என்று. என் பெயரை எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்டேன். "கோடு போடுற கை என்ர. நான் கேட்காமல் போட்டால் என்ன, போடாமல் விட்டால் என்ன, பிழை என்ரதான்" என்றார். அவருக்கு வரவிருந்த பதவி உயர்வு அந்தக் கடிதத்தோடு நின்றுபோனது என்று பிறகு அறிந்தேன்.

பதில் வந்தது. ஓடிய நேரத்திலிருந்து கழித்து எழுத விதியில்லை, பெயர்ப் பட்டியல் ஒன்பது நாளில் போகிறது, வேண்டுமானால் அதற்குள் கொழும்புக்கு வந்து இன்னொரு தடவை ஓடலாம் என்று. ஐயா அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"மரதன் ஓடின மனிசனை ரண்டு கிழமைக்குள்ள திரும்ப ஓடச் சொல்லுறது அவனைக் கொல்லுறதுக்குச் சமன். இதைச் சொன்னால் அவன் ஓடுவான். இப்ப சொல்லக்கூடாது. அந்த ஒம்பது நாளும் போகட்டும். பிறகு சொல்லத்தான் வேணும்." கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் சொல்லமாட்டன் சிவஞானம். நீர்தான் சொல்லவேணும். பத்து எண்டு சொல்லாத வாய் அது. அந்த வாயாலதான் சொல்லவேணும்" என்றார்.

ஒன்பது நாள் போனது. தொண்ணூறு நாள் போனது. ஐயா மாற்றலாகிப் போனார். எண்பத்து மூன்றுக் கலவரம் வந்தது, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இப்போது கண்டி வீதியில் யாரும் குனிந்து ஊசி குத்த முடியாது, என்ன புதைக்கிறாய் என்று துவக்கோடு நிற்கிறவர்கள் கேட்பார்கள். பெருமாளை இடைக்கிடை கண்டேன். வெள்ளிக்கிழமைகளில் பஸ் முறிகண்டியில் நிற்கும்போது அவன் அங்கே தேங்காயோடு நிற்பான். ஓட்டத்தை விட்டுவிட்டான். ஒரு தடவை என்னைக் கண்டு ஓடி வந்து பஸ் யன்னலுக்குள்ளால் ஒரு சரை கச்சான் நீட்டினான். "குத்தம் தீரட்டும்னு வாரம் தவறாம ஒடைக்கிறேண்ணே" என்றான். நான் கச்சானை வாங்கிக்கொண்டேன். பஸ் வெளிக்கிட்டுவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எனக்கு வெறும் பழமொழியில்லை, அது எனக்குக் கச்சான் தந்தது.

பிரியாவிடையில் அந்த இளம் அளவையாளர் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை முறிகண்டியில் இறங்கினேன். பெருமாள் கையில் தேங்காயோடு வரிசையில் நின்றான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. முன்னைப்போல வற்றிய தேகம் இல்லை, வயிறு வைத்திருந்தது. மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். சங்கிலி, ஊசி, கைமாற்று, கச்சான், வாடியில் சொன்ன பொய், ஐயாவின் கடிதம், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். இருக்கச் சொல்லி அவன் ஒருதரம் சொன்னான், நான் இருக்கவில்லை.

முடிந்ததும் கேட்டான்.

"நாப்பத்தொரு செக்கனுங்களா?"

"ஓம்."

"அப்ப நான் வந்துட்டேன். நேரத்துக்குள்ளதான் வந்திருக்கேன்."

"ஓம் பெருமாள். நீர் வந்திட்டீர்."

அவன் கோயில் பக்கம் திரும்பி நின்றான். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. அங்கே பார்த்தபடியே, "கடுதாசி போன வருசம் வந்திருச்சுண்ணே. எல்லாருக்கும் குடுத்தாங்க, எங்களுக்கும் குடுத்தாங்க. அம்மாதான் அதுக்கு முந்தியே போயிருச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னான்.

"என்னை ரண்டு சொல்லு பேசும்" என்றேன். "பேசினால் நல்லது."

அவன் கையிலிருந்த தேங்காயைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அதை உள்ளங்கையில் வைத்தான்.

"ஏழு வருசமா ஒங்க தேங்காயத்தான் நான் ஒடைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இனி நீங்க ஒடைங்க" என்றான்.

சொல்லிவிட்டுக் கும்பிடாமல் வீதியைக் கடந்து போனான். கச்சான் விற்கிற பெண் அவனைக் கூப்பிட்டாள், திரும்பவில்லை. நான் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் உடைத்தேன்.

நேற்றும் போனேன். பஸ் இப்போது நேரத்துக்கு வருவதில்லை, சில நாள் வருவதேயில்லை. பாதி வழி நடக்க வேண்டியிருக்கிறது. ஏழு வருடம் என்றால் முந்நூற்று அறுபதுக்குக் குறையாத வெள்ளிக்கிழமைகள். இந்த முழங்கால் அவ்வளவு தூரம் வராது என்று தெரியும். ஒவ்வொன்றையும் உடைத்து, எத்தனையாவது என்று வாய் விட்டுச் சொல்கிறேன். நேற்றையது நாலு.